ஷீலா கை வைக்காத ஆறு மாடுகள்

செந்தமிழன் என்று பெயர் வைத்த அப்பா போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் கட்டட கான்ட்ராக்டர். பிள்ளை வாயைத் திறந்தால் பாதி இந்தி, கால்வாசி இங்கிலீஷ். மிச்சம் இருக்கிற கால்வாசியை வைத்துக்கொண்டு அவனும் இருபத்து நான்கு வருஷமாகப் பெயரைக் காப்பாற்றி வருகிறான். கால்நடை மருத்துவம் படிக்கப் போனதும் அவன் போட்ட திட்டமில்லை. தீவுப் பிள்ளைகளுக்கென்று மெயின்லாண்ட் கல்லூரி ஒன்றில் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். கடைசி இடத்துக்கு ஆள் வரவில்லை. இவன் வீட்டில் சும்மா இருந்தான். அப்பா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். நான்கு வருஷம் மாட்டைப் புத்தகத்தில் படித்துவிட்டு ஐந்தாம் வருஷம் நேரில் பார்த்தபோதுதான், மாட்டுக்கும் தன்னைப் பற்றித் தனியாக ஒரு கருத்து இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது.

அதே ஒதுக்கீட்டில் முதல் இடத்தை வாங்கியவள் ஷீலா. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பெண். இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே குடிவைத்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. உயரம் நாலடி பத்தங்குலம். மாட்டைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறித்தான் நிற்பாள். ஏறி நின்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் மாடு அசையாது. செந்தமிழன் ஆறடி. அவனுக்குப் பெட்டி வேண்டாம். ஆனால் அவன் பின்னால் போய் நின்றாலே மாடு வாலைச் சுழற்றி முகத்தில் ஒன்று வைக்கும்.

"பயந்தவன் வாசம் மாட்டுக்குத் தெரியும்டா" என்பாள் ஷீலா.

"பயம் இல்ல யார், மரியாதை" என்பான் முகத்தைத் துடைத்துக்கொண்டே. அவன் வாயில் 'யார்' வந்தால் அது இந்திச் 'சிநேகிதி'; கேள்வி இல்லை.

இருவருக்கும் பயிற்சியின் கடைசி மாதம் போர்ட் பிளேருக்கு வெளியே வண்டூர் மாட்டு ஆஸ்பத்திரியில் விழுந்தது. அங்கே டாக்டர் ராஜமாணிக்கம். அதிகம் பேசமாட்டார், பேசினால் எண்ணிக்கையில் பேசுவார். முதல் நாளே சொல்லிவிட்டார். "நேரத்தை நான் பாக்க மாட்டேன். இருபது மாடு. சொந்தக் கை. சினையா இல்லையான்னு பாத்து நோட்டுல எழுதணும். மாசக் கடைசி சனிக்கிழமை கையெழுத்துப் போடுவேன். பத்தொம்பதுன்னா போட மாட்டேன்."

கையெழுத்து விழவில்லையென்றால் அந்த மாதம் முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும், அதுவும் மெயின்லாண்டில், கல்லூரியில். செந்தமிழனுக்கு அது ஒரு கப்பல் பயணம். ஷீலாவுக்கு அது நடக்கவே கூடாத காரியம். அவள் அம்மா அங்கம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் போர்ட் பிளேரில் டயாலிசிஸ். அப்பா முருகையா கச்சாலில். தோட்ட வேலையை விட்டுவிட்டு வர முடியாது, வந்தாலும் கப்பல் நினைத்த நாளில் வராது. ஜங்லிகாட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் வாடகை அறை. அதில் தாயும் மகளும் மட்டும். மகள் ஒரு மாதம் கடல் தாண்டிப் போனால் தாயைக் கைப்பிடித்து மெஷினுக்குக் கூட்டிப் போக ஆளில்லை. ஆகவே இருபது மாடு, இந்தத் தீவில், இந்த மாதத்தில்.

அறையில் தனியாக விட மனம் ஒப்பாத நாட்களில் ஷீலா அம்மாவையும் பஸ்ஸில் வண்டூருக்கே அழைத்து வந்துவிடுவாள். டயாலிசிஸ்காரர்கள் தினமும் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் எடையில்தான் முதலில் தெரியும். மாட்டு ஆஸ்பத்திரியில் ஆடு நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. பிறகென்ன?

"ஆட்டை எறக்கிட்டுத் தொடைச்சிட்டு என்னைய ஏத்துடி. அந்த மரியாதையாச்சும் இருக்கட்டும்" என்பாள் அங்கம்மா. ஏறி நின்றுகொண்டு, "ஆடு எவ்வளவு?" என்று கேட்பாள்.

"இருவத்தெட்டு."

"நான்?"

"நாப்பத்தொண்ணு அரை. நேத்தைய விட அரைக் கிலோ கூட. தண்ணி குடிச்சியா?"

"ரெண்டு மொடக்கு புள்ள. தொண்டை காஞ்சு போச்சு." பிறகு செந்தமிழனிடம் திரும்பி, "பாத்தியா தம்பி, ஆட்டுக்குக்கூட இந்த விசாரணை கெடையாது" என்பாள்.

சினை பார்ப்பது என்பது சொல்ல எளிது. தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்வழியே கையை விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்த்துச் சொல்லவேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. விரல் நுனிக்குத் தெரிந்தால் தெரிந்தது. ஷீலாவின் விரலுக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை ஊர் மாடுகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி முகாம் நடந்தபோது, பதினொன்றரை மணிக்குள் அவள் நோட்டில் பதினான்கு ஆகிவிட்டது. பார்த்து முடித்த மாட்டின் கொம்பில் சிவப்புப் பெயின்ட் வைத்துக்கொண்டே வந்தார்கள். செந்தமிழன் தன் இருபதை அதற்குள் முடித்திருந்தான். அவன் வேகத்துக்குக் காரணம், ஒவ்வொரு மாட்டிலும் கையை எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்பதிலேயே அவன் குறியாக இருந்ததுதான்.

அப்போது ஷீலாவின் போன் அடித்தது. இரண்டு மணி டயாலிசிஸை அன்றைக்குப் பன்னிரண்டரைக்கே வைத்திருக்கிறார்கள்; உடனே வரவேண்டும்.

"போ" என்றார் ராஜமாணிக்கம். "உனக்குன்னு ஆறு மாட்டை விட்டு வைக்கிறேன். அடுத்த வாரம் வீடு வீடாப் போய்ப் பாத்துக்க." அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். அவர் யாருடைய ஆடோ குட்டி போட முடியாமல் தவிக்கிறதென்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். ஆறு மாடும், ஆறு வீட்டுக்காரர்களும், செந்தமிழனும் மிச்சம்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் யோசித்தான். அவனுடைய வாழ்க்கையில் நடந்த எல்லா அசம்பாவிதங்களும் நல்ல எண்ணத்தில் தொடங்கியவைதான். பாவம், அந்தப் பெண் அடுத்த வாரம் வெயிலில் வீடு வீடாக அலையவேண்டுமா? இந்த ஆறையும் நாமே பார்த்து அவள் நோட்டில் எழுதிவிட்டால் என்ன?

முதல் மாடு அலமுவினுடையது. அலமு மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வண்டூரில் குடியேறியவள். புருஷன் டூரிஸ்ட் படகு ஓட்டப் போய்விடுவான், வீட்டுக்கு ஆதாரம் அந்த ஒரு மாடு. செந்தமிழன் கையை விட்டான். மெத்தென்று, உருண்டையாக, தண்ணீர் நிரம்பிய எதுவோ தட்டுப்பட்டது. கன்று நீந்தும் தண்ணீர்ப் பை! அவன் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"சினை! மூணு மாசம்!" என்று கூவினான்.

அலமுவின் முகம் விரிந்தது. ஓடிப்போய் இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பை நிறையப் பாக்கும் தந்தாள். செந்தமிழனை இதுவரை எந்த மாட்டுக்காரரும் இப்படிப் பார்த்ததில்லை. அந்த ருசி கண்ட பிறகு அடுத்த ஐந்து மாட்டிலும் அவன் விரலுக்குச் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் வாய் முந்திக்கொண்டது. சினை இல்லை என்று சொல்கிற வீட்டில் யார் டீ தருவார்கள்? ஆறும் சினை. ஆறு கொம்பிலும் சிவப்புப் பெயின்ட். ஷீலாவின் நோட்டில் அழகான கையெழுத்தில் இருபது.

சனிக்கிழமை காலை அவள் நோட்டைத் திறந்தாள்.

"இது யாரு எழுதுனது?"

"சர்ப்ரைஸ்" என்றான்.

"ஆறும் சினையா?"

"ஆறும்."

"அலமு அக்கா மாட்டுல என்ன தட்டுப்பட்டுச்சு?"

"தண்ணிப் பை. உருண்டையா, மெத்துன்னு. கன்ஃபர்ம்."

"பிடிச்சு நகத்திப் பாத்தியா? கருப்பைதானான்னு?"

"எதுக்கு நகத்தணும்?"

"அது மூத்திரப் பையா இருந்தா?"

இரண்டாம் வருஷத்தில் இதற்கு ஒரு முழு வகுப்பு நடந்தது அவனுக்கு நினைவிருந்தது. வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்ததும் நினைவிருந்தது.

"வண்டூர்ல எனக்குன்னு மிச்சம் இருந்ததே அந்த ஆறு மாடுதான்டா" என்றாள் ஷீலா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "மத்த எல்லாத்தையும் நீயும் நானும் பாத்தாச்சு. இப்ப நான் எங்க போயி மாடு தேடுறது? கடல்லயா?"

"அதான் நோட்டுல இருபது இருக்கே. சோடோ யார், விடு, சார் கையெழுத்துப் போட்ருவாரு."

இதையும் அவன் சொன்னான். பிற்பாடு பல நாள் குளிக்கும்போது இந்த வாக்கியம் நினைவுக்கு வந்து தலையில் தண்ணீரை வேகமாக ஊற்றிக்கொள்வான்.

ஷீலா நோட்டை எடுத்துக்கொண்டு நேராக ராஜமாணிக்கத்தின் மேஜைக்குப் போனாள். இவன் பின்னாலேயே ஓடினான்.

"சார், இதுல கடைசி ஆறு நான் பாக்கல."

"யாரு பாத்தது?"

அவள் நோட்டைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா? சொல்லக்கூடாதா? சொல்லவில்லை. அந்த நேரத்தில் செந்தமிழன் இதுவரை சொன்ன எல்லா நகைச்சுவையும் ஒருமுறை தலைக்குள் வந்து போனது. ஒன்றும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

"நான் சார்."

ராஜமாணிக்கம் சிவப்புப் பேனாவால் ஆறு வரியையும் அடித்தார். "பதினாலு. அடுத்த சனிக்கிழமை கடைசி. இந்த ஆறையும் ஷீலா திரும்பப் பாக்கணும். வீட்டுக்காரங்ககிட்ட போய், நேத்து சொன்னது தப்பா இருக்கலாம்னு யாரு சொல்லப் போறது?"

"நான் சார்."

"எளநீ குடிச்சியாமே?"

"ரெண்டு சார்."

"ம்" என்றார் அவர். அதற்குமேல் திட்டவில்லை. திட்டாதவர்களிடம்தான் தப்பிப்பது கஷ்டம்.

திங்கட்கிழமை முதல் வீடு. பெங்காலிக் குடும்பம். "உஸ் தின் ஹான், ஆஜ் நா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அன்றைக்கு ஆமாம், இன்றைக்கு இல்லையா? இவன் இந்தியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஷீலா பெட்டிமேல் ஏறிப் பார்த்து, கையை எடுத்து, "சினைதான், நாலு மாசம்" என்றாள். செந்தமிழன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"குருட்டுப் பூனைக்கும் ஒரு எலி" என்றாள் உறையைக் கழற்றிக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நடுவில் அங்கம்மாவுக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. வார்டில் படுக்க வைத்தார்கள். புதன்கிழமை காலை செந்தமிழன் இட்லிப் பொட்டலத்தோடு போனான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் ஷீலா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியிலிருந்த மஞ்சள் துணிப்பைக்குள் முழங்கை வரை போயிருந்தது.

எதிர்க் கட்டில்காரியின் துணைக்கு வந்திருந்த பெண்மணி செந்தமிழனிடம் மெதுவாகச் சொன்னாள்: "நல்ல பக்திங்க. விடியக்காலையிலேர்ந்து ஜெபமாலை உருட்டுது."

செந்தமிழன் பையை எட்டிப் பார்த்தான். உள்ளே தண்ணீர் அடைத்த பலூன்கள் நான்கு, வெவ்வேறு அளவில். ஒன்றுக்குள் ஒரு கோலிக்குண்டு. குடல் சுவருக்குப் பதிலாக மேலே ஒரு பழைய காலுறை போர்த்தியிருந்தது.

"எட்டு வாரம்" என்று முணுமுணுத்தாள் ஷீலா கண்ணைத் திறக்காமலே. விரல் நகர்ந்தது. "இது பத்து. இது காலி."

"ஷீலா, தூங்கு கொஞ்சம்."

"அம்மா முழிச்சா தூங்குறேன். மூணு நாள் கை விடலேன்னா விரலு மறந்துரும்டா."

அவன் இட்லியை வைத்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதாகத் தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். சொன்னதை நம்பவும் முயன்றான்.

புதன் சாயங்காலம் அங்கம்மாவை அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை மழை. மழையிலேயே நான்கு வீடு. செந்தமிழன் முன்னால் போய், "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பிக்கும் தன் சொற்பொழிவை நிகழ்த்துவான். பின்னால் ஷீலா சேற்றில் மீன் பெட்டியை அழுத்தி வைத்து ஏறுவாள். இரண்டு சினை, இரண்டு இல்லை. இல்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் அவள் சுற்றி வளைக்கவில்லை. "இல்லண்ணே. தாது உப்புக் கொடுங்க. அடுத்த தடவை பருவத்துக்கு வந்து கத்துனா ஒடனே போன் பண்ணுங்க" என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். டீ எந்த வீட்டிலும் வரவில்லை. நோட்டில் பத்தொன்பது.

வெள்ளி டயாலிசிஸில் போயிற்று. சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் ஷீலா வந்து இறங்கினாள், அங்கம்மாவையும் பிடித்துக்கொண்டு. வார்டில் பயந்த பிறகு அம்மாவைத் தனியே விடுவதாயில்லை. செந்தமிழன் தலையில் மீன் பெட்டியைச் சுமந்தபடி பஸ் நிறுத்தத்தில் நின்றான். மூன்று பேரும் அலமுவின் வீட்டுக்குப் போனார்கள்.

அலமு தொழுவ வாசலில் குறுக்கே நின்றாள்.

"ஒரு தடவ கைய விட்டுச் சினைன்னு சொன்ன மாட்டுல திரும்பக் கைய விடுவீங்களாக்கும்? கலைஞ்சு போனா நீங்களா கன்னுக்குட்டி பெத்துத் தருவீங்க? ஏண்டா நெட்டக்கொக்கு, எளநீ குடிச்ச வாயால திரும்பவும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்கிற?"

"இதே மூஞ்சிதான்க்கா" என்றான். அலமு சிரிக்கவில்லை.

ஷீலா பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னாள். வற்புறுத்தவில்லை. தொழுவத்துக்குள் பார்த்தாள். மாடு நிலைகொள்ளாமல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"வேணாம்னா விட்டுர்றோம்க்கா. மாடு எப்பேர்ந்து இப்படி நிக்குது?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து. கத்திக்கிட்டே கெடக்கு. கொசுத்தொல்லைன்னு பொகை போட்டேன்."

"வழும்பு ஏதாச்சும் ஊத்துனுச்சா? கண்ணாடி மாதிரி?"

அலமு மாட்டின் பக்கம் திரும்பினாள். வாலுக்குக் கீழே அது காய்ந்து ஒட்டியிருந்ததை மூவரும் பார்த்தார்கள்.

"அக்கா, இது பருவத்துக்கு வந்துருக்கு மாதிரி தெரியுது. அப்படின்னா சினை இல்ல. மத்தியானத்துக்குள்ள சினை ஊசி போட்டா பிடிச்சுரும். விட்டா இன்னும் இருவத்தோரு நாள் காத்திருக்கணும். என்னைய நம்ப வேணாம். நான் ராஜமாணிக்கம் சாருக்கே போன் பண்றேன். அவரு வந்து கை விட்டுப் பாத்து, ஊசியும் போடட்டும்."

போனை எடுத்துவிட்டாள். செந்தமிழன் அவள் காதருகே குனிந்தான். அந்த உயரத்துக்குக் குனிய நேரம் பிடிக்கும்; அதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"பாகல் ஹோ? பைத்தியமா? சார் பாத்தா அவரு கணக்கு. உனக்குப் பத்தொம்பதுதான். இன்னிக்குத்தான் கடைசி. ஊர்ல வேற மாடே இல்ல!"

"என் நோட்டுக்காக மாடு இருவத்தோரு நாள் சும்மா நிக்கணுமா?" என்றாள். பிறகு போனில், "சார், அலமு அக்கா வீடு. ஊசிக் கேனோட வரணும் சார். ஆமா சார். இல்ல, நான் இன்னும் பாக்கல" என்று சொல்லி வைத்தாள்.

பிறகு கையைத் தோளில் தொங்கிய மஞ்சள் துணிப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

மரத்தடியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அங்கம்மாவை அலமு அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். கையில் ஊசி குத்திய தடங்கள், வீங்கிய நரம்பு. "இது யாரு?"

"என் அம்மாக்கா."

"இருவத்தோரு நாள், பத்தொம்பதுன்னு என்னமோ பேசிக்கிறீங்களே, என்ன அது?"

ஷீலா வாய் திறக்கவில்லை. செந்தமிழன் திறந்தான். இந்த முறை நகைச்சுவை எதுவும் சேர்க்காமல், நோட்டையும், மெயின்லாண்டையும், மெஷினையும், அந்த ஆறு மாட்டையும் தான் பார்த்துக் கெடுத்ததையும் ஐந்தே வாக்கியத்தில் சொன்னான். அவன் வாழ்க்கையிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

அலமு ஷீலாவைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லிக் கேட்ருக்கலாமுல்ல?"

"அது மாட்டுக்குச் சம்பந்தமில்லாத விசயம்க்கா."

அங்கம்மா மரத்தடியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "என் புள்ள தப்பாச் சொல்லிருச்சுன்னா என்னைய இங்கயே கட்டிப் போட்டுக்க ஆத்தா. பால் கறக்க மாட்டேன், ஆனா அதிகம் திங்க மாட்டேன். தண்ணிகூட அளந்துதான்."

அலமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள், முடியவில்லை. குறுக்கே நின்ற இடத்திலிருந்து நகர்ந்தாள். "நீ பாரு பாப்பா. சார் வர்றதுக்குள்ள பாரு. இந்த நெட்டக்கொக்கு மட்டும் வேலிக்கு அந்தாண்ட நிக்கட்டும்."

செந்தமிழன் வேலிக்கு அந்தப் பக்கம் போனான். அவன் போனதும் மாடுகூடக் கொஞ்சம் அமைதியானதுபோல் இருந்தது. ஷீலா பெட்டிமேல் ஏறினாள். முதுகில் ஒரு தட்டு. கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. செந்தமிழன்தான் வேலிக் கம்பியின்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தான். ஒரு மாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிய அவன் இவ்வளவு ஆசைப்பட்டது அதுவே முதல் தடவை.

"காலி" என்றாள். "கருப்பை நல்லா விறைப்பா இருக்கு. எடது பக்கம் முட்டை தயாரா இருக்குது. மூத்திரப் பை மட்டும் ரொம்பியிருக்கு."

கடைசி வரியை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

ராஜமாணிக்கம் காளை விந்து வைத்த கேனோடு வந்து தானும் கைவிட்டுப் பார்த்து, தலையசைத்து, ஊசி போட்டார். பிறகு அலமுவின் வாளித் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு நோட்டை நீட்டச் சொன்னார். அலமு மாடு, சினை இல்லை, பரிசோதித்தவர் ஷீலா. இருபது. கையெழுத்துப் போட்டார். "உன்னோடது எங்க?" என்று செந்தமிழனைக் கேட்டார்.

"திங்கக்கிழமை தர்றேன் சார்."

"இன்னிக்குத்தான் கடைசி."

"தெரியும் சார்."

அவர் இரண்டு நொடி அவனைப் பார்த்தார். "ம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஷீலா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்புவதற்கு முன்பே தலை சாய்ந்து தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு, ஒரு மருத்துவருக்குரிய எந்தக் கம்பீரமும் இல்லாமல். அங்கம்மா அவள் தலையைத் தன் தோளுக்கு இழுத்துக்கொண்டாள். பின் சீட்டில் செந்தமிழன் மடியில் மீன் பெட்டி. அதன்மேல் தன் நோட்டை விரித்து, பேனாவைத் திறந்தான். ஒவ்வொரு மாடாக நினைத்துப் பார்த்தான். இதை நகர்த்திப் பார்த்தோமா? இல்லை. ஒரு கோடு. இது? டீ கொடுத்த வீடு. ஒரு கோடு. பஸ் குலுங்கியதில் கோடுகள் நேராக வரவில்லை.

அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். "என்னா தம்பி செய்யிற?"

"மாடு எண்ணுறேன்மா."

"எத்தினி?"

"இருபது இருந்துச்சு. இப்ப ஒம்பது."

அங்கம்மா அந்த நோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மகள் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப நீ மெயின்லாண்டுக்குப் போவணுமா?"

"போவணும்மா. ஒரு மாசம்."

"அங்க மாடு நெறைய இருக்குமுல்ல?"

"இருக்கும்."

அங்கம்மா மகளின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

"பாவந்தான் அதுங்க" என்றாள்.